காப்பகத்து வரிசை

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

பத்து நாளாக உங்கள் போன் மணியடித்து மணியடித்து ஓய்ந்துவிடுகிறது. அண்ணனுக்கு அடித்தால் "வேலையா இருக்கேன், அப்புறம் பேசு" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் இந்தக் காலத்தில் பேனாவைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தைப் பார்த்து நம் வீட்டுக் குட்டி சிரித்தால் சிரிக்கட்டும், அவள் எழுதுவது இதைவிட நன்றாக இருக்கும்.

நல்ல செய்தி. கட்டுரை வெளியாகிவிட்டது. போன வருடம் நீங்கள் ஆலை லைன் வீடுகளில் கதவு கதவாகத் தட்டி, உங்கள் குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் நாற்பத்தொரு பேரிடமும் கேள்வித்தாளை நிரப்பி வாங்கினீர்களே, நாங்கள் நர்ஸோடு வந்து ரத்தம் எடுத்தோமே, எல்லாம் சேர்த்துப் பதினெட்டுப் பக்கம். பிரதி ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். பேட்டரி உடைத்து ஈயம் உருக்குகிற ஆலையில் வேலை செய்யும் பெண்களின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்று இவ்வளவு தெளிவாக யாரும் காட்டியதில்லை என்று இங்கே சொல்கிறார்கள்.

இன்னொன்று. கட்டுரை மட்டுமல்ல, அதற்கு அடிப்படையான விவரங்கள் முழுவதையும் இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறோம். ஜனவரிக் கடைசியிலேயே ஏற்றிவிட்டேன். பணம் கட்ட வேண்டாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம், உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், சரிபார்க்கலாம். ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்தவர்களின் விதியும் அதுதான், என் ஆசையும் அதுதான். பயப்படாதீர்கள், பெயரும் வீட்டு எண்ணும் எதிலும் கிடையாது.

கடைசிப் பக்கத்தில் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், "உதவிய காப்பக ஊழியர் ஒருவருக்கு" என்று. அவரவர் ரத்த முடிவை அவரவர் கையில் கொடுக்க வேண்டியது மட்டும் பாக்கி. உறையில் போட இங்கே ஆளில்லை. அடுத்த மாதம் நானே கொண்டு வருகிறேன்.

உங்கள்
சின்னவள்


மார்ச் 19

சின்னவளுக்கு,

உன் கடிதமும் பதினெட்டுப் பக்கமும் வந்தன. ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தது எண்கள் மட்டும்தான். அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

என் போன் உன் அண்ணன் பையில் இருக்கிறது. ஏன் என்று இப்போது கேட்காதே. திரும்பக் கிடைத்தாலும் உன்னோடு போனில் பேச மாட்டேன். நீ பேச ஆரம்பித்தால் நான் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு, வைத்த பிறகு என்னையே திட்டிக்கொள்வேன். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி ஆலையில் பன்னிரண்டு பெண்களுக்கு ஒரே மாதிரிக் கடிதம் கொடுத்தார்கள். உடல்தகுதி இல்லை, இன்றோடு வேலை முடிந்தது, வீட்டை அறுபது நாளில் காலி செய்ய வேண்டும். லைன் வீடுகள் ஆலையுடையவை என்று உனக்குத் தெரியும். வேலை போனால் கூரையும் போனது. புருஷனும் ஆலையில் இருக்கிற மூன்று பேருக்கு மட்டும் வீடு தப்பும்.

முதலில் ஆள்குறைப்பு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பிறகு தையல்காரி, வருகைக் கணக்கு பார்க்கிற டைம் ஆபீசில் போய்ச் சண்டை போட்டாள். உன் பை வார் அறுந்தபோது நின்ற நிலையில் தைத்துக் கொடுத்தாளே, அவள்தான். இப்போது வயிற்றில் ஆறு மாதம். டைம் ஆபீசில் இருக்கிற கண்ணாடிக்காரரையும் உனக்குத் தெரியும். நீங்கள் ரத்தம் எடுக்க வந்த அன்று ஓடி ஓடி நாற்காலி போட்டார். அவர் எழுந்துகூட நிற்காமல் சொன்னாராம்: "உனக்கு ரத்தத்துல ஈயம் நாப்பத்தொம்போது இருக்கும்மா. நாப்பதுக்கு மேல போன யாரையும் வெச்சுக்க முடியாது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி தலையிலதான் விடியும்."

அவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, எனக்கு நாப்பத்தொம்போதா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? நீ முடிவைக் கொண்டு வருவாய் என்றுதான் ஆறு மாதமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் உடம்பில் ஓடுகிற ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும் முன்பே அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

பன்னிரண்டு பேரும் உன் தாளில் நாற்பதுக்கு மேல் உள்ளவர்கள். எண்ணிப் பார்த்துவிட்டேன், சரியாகப் பன்னிரண்டு.

உன் ஒப்புதல் தாளை ஒவ்வொரு வாசலிலும் நான்தான் வாசித்தேன். "விவரங்கள் ஆராய்ச்சிக்கு மட்டும் பயன்படும்." அதில் உலகத்தில் யார் வேண்டுமானாலும் என்று இல்லை. யோசித்தவர்களிடம் தாளில் இல்லாததையும் நான் சொன்னேன்: "அவ என் நாத்தனார், நான் தூக்கி வளத்த பொண்ணு மாதிரி. அவகிட்ட சொன்னா வெளிய போகாது." அவர்கள் உன் தாளை நம்பவில்லை, என் வாயைத்தான் நம்பினார்கள்.

இப்போது குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

அண்ணி


மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

நடந்தது அநியாயம் அண்ணி. ஆனால் நடந்ததற்கும் எங்கள் விவரத்துக்கும் தொடர்பு இருக்க வழியே இல்லை. நாங்கள் அவ்வளவு கவனமாக இருந்தோம். பெயர்களை நீங்கள் தனித்தாளில் எழுதித் தந்தீர்கள். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் உறையில் இட்டு ஒட்டி, என் பேராசிரியரின் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். வயதை இருபது முதல் இருபத்தைந்து, இருபத்தாறு முதல் முப்பது என்று வீச்சாக மாற்றினேன். எந்தப் பிரிவில் வேலை என்பதைக்கூட எடுத்துவிட்டேன். இதற்கென்று ஒரு குழு இருக்கிறது, அவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத்தான் அனுமதித்தார்கள். எனக்கே யார் எந்த வரி என்று தெரியாது. முதல் வரியில் ஒரு தாய் இருக்கிறாள். ஆறாம் மாதத்தில் ஒரு குழந்தை போயிருக்கிறது. அடுத்தது உண்டானபோது, அதுவும் இப்படியே ஆகிவிடுமோ என்ற பயத்தில் புருஷனுக்குத் தெரியாமல் போய்க் கலைத்திருக்கிறாள். கட்டுரையின் நடுப்பக்கம் முழுவதும் அவளைப் பற்றித்தான். எழுதிவிட்டு அழுதேன். அவள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அதுதான் எங்கள் நேர்மை.

கோபப்படாமல் ஒன்றைக் கேளுங்கள். லைனில் யாராவது வாய் தவறிச் சொல்லியிருக்கலாம் இல்லையா? ரத்தம் எடுத்த அன்று கண்ணாடிக்காரர் பக்கத்திலேயே நின்றாரே?

ஏன் திறந்து வைத்தேன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்னால் ஆலையே ஒரு டாக்டரை வைத்து எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தது. முடிவு அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. யாரும் கேட்க முடியாது, கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். நம் வேலையும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். அதில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை.

சின்னவள்


ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

யாரும் வாய் தவறவில்லை. உனக்கு விளங்கும்படி சொல்கிறேன், கேள்.

காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்குப் போகிற வேலை ஐந்து வருடமாக என்னுடையது. முதலில் நம் வீட்டுக் குட்டியைக் கிளப்புவேன். பிறகு இடப்பக்கம் நேராகத் தண்ணீர்த் தொட்டிவரை போய், திரும்பி வலப்பக்கமாக வருவேன். வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயரும் அந்த வரிசைதான். உன் கேள்வித்தாளை நிரப்பியபோதும் என் கால் தானாக அந்த வழியில்தான் போயிற்று. புது வழி எதற்கு? ஒரு வீடும் விட்டுப்போகாது என்று நினைத்தேன். தாளிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அப்படியே எண் போட்டேன். ரத்தம் எடுத்த அன்று நர்ஸம்மாவும் குழாய்களில் அதே எண்ணைத்தான் ஒட்டினார்.

நீ பெயரை எடுத்தாய், வீட்டு எண்ணை எடுத்தாய், வயதைக் குழப்பினாய். வரிசையைத் தொடவில்லை.

காப்பகத்துப் பதிவேடு மாதக் கடைசியில் டைம் ஆபீசுக்குப் போகும். போன மாதம் அந்த மேசையில் என் கண்ணாலேயே பார்த்தேன். இந்தப் பக்கம் ஜனவரிப் பதிவேடு, அந்தப் பக்கம் உன் விவரத்தின் அச்சுப் பிரதி, நடுவில் ஒரு அளவுகோல். அதை வரி வரியாக நகர்த்திச் சிவப்புப் பேனாவில் குறி போட்டிருந்தார்கள். பெரிய மூளையெல்லாம் வேண்டியதில்லை.

உன் குழுவில் அத்தனை பேர் இருந்தார்கள் என்கிறாய். லைனைச் சேர்ந்தவள் ஒருத்தி இருந்திருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பாள், "என்ன இது, காப்பகத்து வரிசையா இருக்கே" என்று. எங்களில் யாரையும் உங்களுக்குக் கூப்பிடத் தோன்றவில்லை. எல்லாருக்கும் திறந்தது என்றாய். ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் தெரிந்து அதைத் திறந்து பார்க்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் லைனில் கண்ணாடிக்காரர்தான்.

அந்த மேசைக்கு நான் ஏன் போனேன் என்று நீ கேட்பாய். பன்னிரண்டு பேர் என்று எழுதினேனே, அதில் நானும் ஒருத்தி. பிப்ரவரிப் பதிவேட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளத்தான் கூப்பிட்டார்கள். காப்பகத்துக்கு வரும் முன் நான் ஏழு வருடம் பேட்டரித் தகடு உடைத்தேன், அது இன்னும் உடம்பில் இருக்கிறது. நாற்பத்து நான்கு.

பதிவேட்டில் முதல் பெயர் நம் குட்டியுடையது. உன் தாளில் முதல் வரி நான்.

எழுதிவிட்டு அழுதாயே, அது என்னை நினைத்துத்தான்.

ஆறாம் மாதம் போனது உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அடுத்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் கேள்வித்தாளில் "தானாகக் கலைந்ததா, செய்துகொண்டதா" என்று இருந்தது. நாற்பது பேரிடம் உண்மையைக் கேட்டுவிட்டு என் தாளில் மட்டும் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. தாளைப் பார்த்து நீயும் பெயர் தெரியாமல்தான் படிப்பாய் என்று தைரியம். எனக்கும் ஒரு இடத்தில் அதை இறக்கி வைக்க வேண்டியிருந்தது போலிருக்கிறது.

கண்ணாடிக்காரர் உலைப் பிரிவுக்குப் போய், ஆட்கள் சுற்றி நிற்க, உன் அண்ணனிடம் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்: "என்னப்பா, உன் வீட்டு விஷயத்தை உலகமே படிக்குது, உனக்குத்தான் தெரியலையா?"

அன்று வந்து அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். என் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து குட்டியை நடுவில் வைத்துத்தான் பேச்சு. "உங்கம்மாகிட்ட சட்டை எங்கன்னு கேளு." நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.


ஏப்ரல் 14

அண்ணி,

நீங்கள்தான் என்று தெரியாது என்று சொல்ல நினைத்தேன். அதைத்தானே போன கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தேன்.

வரிசையைக் கலைத்துவிடலாமே என்று ஒரு நாள் யோசித்தேன் அண்ணி. நிஜமாகவே யோசித்தேன். கலைத்தால் ரத்தக் குழாயின் எண்ணோடு பொருத்திப் பார்ப்பது சிரமம், மறுபடி நாற்பத்தொன்றையும் சரிபார்க்க வேண்டும். மூன்று நாள் வேலை. கட்டுரைக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வெறும் வரிசையில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அந்த மூன்று நாளைத்தான் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே விவரம் முழுவதையும் நீக்கிவிட்டேன். பேராசிரியர் "பொறு, பேசி முடிவெடுப்போம்" என்றார். பொறுக்க முடியாது என்று நானே உட்கார்ந்து எடுத்தேன். கட்டுரையில் நடுப்பக்கத்தையும் மறைத்துவிட்டேன். இனி அந்த இணையப் பக்கத்தைத் திறந்தால் "ஆய்வாளரால் திரும்பப் பெறப்பட்டது" என்று மட்டும்தான் வரும். இனி யாரும் உங்களைப் பார்க்க முடியாது.

அண்ணனுக்கு நான் எழுதட்டுமா? தப்பு என்னுடையது என்று சொல்லட்டுமா? நீங்கள் சொல்லாமல் எதுவும் செய்ய மாட்டேன்.



சின்னவள்


மே 2

சின்னவளுக்கு,

"நீங்கள் சொல்லாமல் எதுவும் செய்ய மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நாலு வரி மேலேதான் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மார்ச் கடைசியில் லைன் பெண்கள் என்னோடு பேச ஆரம்பித்தார்கள். தையல்காரிதான் கூட்டி வந்தாள். "அக்காவும் நம்மளோடதான் நிக்கிறாங்க, நிக்க வெச்சுத் திட்டிட்டு சேத்துக்கலாம்" என்றாள். திட்டினார்கள், சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம். அவர் உன் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கண்ணை அகல விரித்தார். "இது பொதுவுல இருக்கு, யாரும் மறுக்க முடியாது. ஈயம் ஏத்தினதும் அவங்க, ஏறிடுச்சுன்னு துரத்துறதும் அவங்க. வேற என்ன வேணும்?" என்றார். எங்களை மாட்டிவிட்ட அதே தாளை வைத்து அவர்களை மாட்டலாம் என்று எங்களுக்கும் அன்றுதான் புரிந்தது. வீட்டைக் காலி செய்யத் தடை கேட்டு மனு போட்டோம். நாற்பத்தொரு பேரில் பலர் பெயரைச் சொல்லவும் தயார். தெரிந்துபோனதற்கு அப்புறம் மறைத்து என்ன?

நீ அலமாரி என்று எழுதினாயே, அது சரிதான் என்று அன்று நினைத்துக்கொண்டேன். உனக்கு எழுதவும் நினைத்தேன். எழுதவில்லை. கோபம் மிச்சம் இருந்தது. அது என் தப்பு.

ஏப்ரல் பதினெட்டில் விசாரணை. வக்கீலம்மா நீதிபதி முன்னால் பக்கத்தைத் திறந்தார். திரும்பப் பெறப்பட்டது என்று வந்தது. மறுபடி திறந்தார், மறுபடியும் அதுவே. ஆலை வக்கீல் அவசரமே படவில்லை. "பாருங்க, எழுதினவங்களே தப்புன்னு எடுத்துட்டாங்க. இதை நம்பி எப்படி உத்தரவு போட முடியும்?" என்றார். நாங்கள் பன்னிரண்டு பேரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். விசாரணை ஜூலைக்குப் போய்விட்டது. தடை கிடைக்கவில்லை.

கண்ணாடிக்காரரிடம் அச்சுப் பிரதி பத்திரமாக இருக்கிறது. எங்களிடம் நீ அனுப்பிய பதினெட்டுப் பக்கம்தான், திரும்பப் பெற்ற பிறகு அது செல்லாதாம்.

இருபத்திரண்டாம் தேதி ஒன்பது வீட்டுக்கும் பூட்டுப் போட்டார்கள். தையல் மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றியபோது ஒரு கால் கழன்று விழுந்தது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டே தையல்காரி நடந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். "போய்ச் சேந்ததும் சொல்றேன்க்கா" என்றாள். இன்னும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அவள் நம்பருக்கு அடித்தால் அணைத்து வைத்திருக்கிறது. வயிற்றில் எட்டு மாதம். அவள் ரத்தம் என்ன என்று எழுதிய காகிதம் ஒன்றுகூட அவள் கையில் இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் போய் என்னவென்று சொல்வாள்?

போடும்போதும் நீ எங்களைக் கேட்கவில்லை, எடுக்கும்போதும் கேட்கவில்லை. முதலில் நல்லது செய்கிறோம் என்று நினைத்தாய், அப்புறம் பரிகாரம் செய்கிறோம் என்று நினைத்தாய். இரண்டு தடவையும் நீயேதான் நினைத்தாய்.

உன் அண்ணனுக்கு எழுதாதே. அவர் போன வாரம் உலைக்காரர்கள் தங்கும் கூடத்துக்குப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.


மே 13

அண்ணி,

இரண்டு தடவையும் நான் கேட்கவில்லை. அதனால் கேட்கிறேன்.

இதோடு ஒரு கட்டு வருகிறது. நாற்பது உறைகளில் அவரவர் ரத்த முடிவு இருக்கிறது, டாக்டரிடம் காட்டும்படி முத்திரை வைத்து. பேராசிரியரின் பெட்டியைத் திறந்து பெயர்த் தாளைப் பார்த்துத்தான் உறைமேல் பெயர் எழுதினேன். தையல்காரியின் பதினேழாம் உறையை மட்டும் என்னிடமே தனியாக வைத்திருக்கிறேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை தெரிந்தாலும் எனக்குச் சொல்லுங்கள், நானே கொண்டு போகிறேன். சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் செய்துகொண்டிருக்கிறேன். பெயரை மட்டும் சொன்னால் யாரும் பதில் சொல்வதில்லை. நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாதாம்.

ஒவ்வொரு உறையிலும் இன்னொரு தாள் இருக்கிறது, தமிழில். ஒரே கேள்விதான். உங்கள் வரியை மறுபடி எல்லாரும் பார்க்கும்படி வைக்கலாமா? பெயரோடு வைக்கலாம், பெயர் இல்லாமல் வைக்கலாம், வேண்டாம். மூன்றில் ஒன்று. பெயர் இல்லாமல் வைத்தாலும் யாரென்று கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு, ஏற்கெனவே ஆலையிடம் பிரதி இருக்கிறது என்பதையும் எழுதியிருக்கிறேன். பூசி மெழுகவில்லை. நீங்கள் படித்துப் பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றிய பிறகுதான் கொடுக்க வேண்டும்.

விவரத்தில் தப்பில்லை, எடுத்ததற்குக் காரணம் வேறு என்று நீதிமன்றத்துக்கு உறுதிமொழி எழுதி வக்கீலம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பும் முன் அவரிடம் கேட்டேன்.

மறுபடி வெளியிட்டால் கட்டுரை எழுதியவர்கள் வரிசையில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் சரி என்றால் மட்டும்.

உங்களை நேரில் பார்க்க வரட்டுமா என்று கேட்க நினைத்தேன். அதையும் உங்களிடமே விடுகிறேன்.

சின்னவள்


ஜூன் 9

சின்னவளுக்கு,

கட்டு வந்தது. உன் தாளில் இரண்டு இடத்தை மாற்றினேன். "ஆபத்து ஏற்படக்கூடிய சாத்தியக்கூறுகள்" என்று எழுதியிருந்தாய், வாசித்தால் எனக்கே கொட்டாவி வந்தது. "இதனால் உங்களுக்குக் கெடுதல் வரலாம்" என்று எழுதி, காப்பகத்துப் புது ஆயாவைப் பிடித்துப் பிரதி எடுத்தேன்.

பத்து நாள் நடந்தேன். இந்தத் தடவை தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஆரம்பித்தேன், வேண்டுமென்றேதான். நாலைந்து வீடு போவதற்குள் கால் பழைய வழிக்குத் திரும்பப் பார்க்கிறது. பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பெயரோடு போடு என்றவர்கள் பதினான்கு பேர். பெயர் வேண்டாம், விவரத்தைப் போடு என்றவர்கள் பன்னிரண்டு. வேண்டாம் என்றவர்கள் ஒன்பது. யார் என்ன சொன்னார்கள் என்பது கூட வரும் உறையில் இருக்கிறது. அதை வக்கீலம்மாவைத் தவிர யாரிடமும் காட்டாதே. இருபத்தாறு பேர் இருந்தால் வழக்கு நிற்கும் என்கிறார் அவர். ஜெயிக்குமா என்று கேட்டேன். நிற்கும் என்று மறுபடி சொன்னார்.

வேண்டாம் என்ற ஒருத்தி உறையை வாங்கிக்கொள்ளவே இல்லை. "தெரிஞ்சு என்னக்கா பண்ணப் போறேன், வேலைக்குப் போகத்தானே வேணும்" என்று கதவைச் சாத்திவிட்டாள். அவள் உறை என்னிடம் இருக்கிறது. கேட்கும்போது கொடுப்பேன்.

பூட்டின வீடு ஒன்பதில் மூன்று பேரைத் தேடிப் பிடித்தேன், அவர்கள் பதிலும் மேலே சொன்ன கணக்கில் இருக்கிறது. இரண்டு பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று பேரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மிச்சம் ஒருத்தி. தையல்காரி கிடைத்தாள் சின்னவளே. அவள் அக்கா வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். மே எட்டாம் தேதியே வலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கெல்லாம் "எனக்கு நாப்பத்தொம்போது இருக்கு, நாப்பத்தொம்போது இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். குழந்தை இருக்கிறது, ஆள் இல்லை. உன் கட்டு என் வீட்டுக்கு வந்தபோது அவள் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. நீ அந்த ஆஸ்பத்திரிகளுக்கு இனிமேல் போன் செய்ய வேண்டாம்.

பதினேழாம் உறையை அந்தக் குழந்தைக்காக வைத்திரு. அதன் ரத்தத்தைப் பார்க்கப் போகிற டாக்டருக்கு அது வேண்டும். கட்டுரையில் பதினேழாம் வரியை என்ன செய்வது என்று கேட்காதே. சரி என்று சொல்ல அவள் இல்லை. இல்லாதவளின் பதிலைச் சரி என்று எடுத்துக்கொள்ளாதே.

எழுதியவர்கள் வரிசையில் என் பெயர் வேண்டாம். உனக்கு ரோஷத்தில் சொல்வதாகத் தோன்றும், இல்லை. அடுத்த தடவை எங்காவது இப்படி ஒரு விவரத்தை வெளியே வைக்கும் முன் அந்த ஊர்க்காரி ஒருத்தியைக் கூப்பிட்டு மேசையில் உட்காரவைத்துக் காட்டு. அது போதும்.

வர வேண்டுமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். உன்னைப் பார்த்தால் நான் சமாதானம் ஆகிவிடுவேன். அதற்கு எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். குட்டி நன்றாக இருக்கிறாள். உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வாசல்வரை வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய், வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்.

வேண்டாம் என்ற ஒன்பது பேரில் நானும் ஒருத்தி. என் தாளைக் கடைசியாகத்தான் நிரப்பினேன். உன் கட்டுரைக்கு அந்த நடுப்பக்கம் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். வக்கீலம்மாவும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். எல்லாருக்கும் தெரிந்ததை எடுத்து இனி என்ன ஆகப்போகிறது என்று நீயும் நினைக்கலாம். ஒன்றும் ஆகாது. ஆனாலும் என்னிடம் கேட்டிருக்கிறாய், நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தடவையாவது அது செல்ல வேண்டும்.

முதல் வரியை எடுத்துவிடு. எடுத்த பிறகு மற்றவர்களின் வரிசையை நன்றாகக் கலைத்து, எண்களை மாற்றிப் போடு. மூன்று நாள் ஆனால் ஆகட்டும். என் இடத்தைக் காலியாக மட்டும் விடாதே. காலியாக இருந்தால், அதுவும் நான்தான் என்று டைம் ஆபீசில் தெரிந்துவிடும்.

அண்ணி